போனால் என்னுடையது, நின்றால் இரும்பினுடையது

வெளியே மழையா என்று யாராவது கேட்டால் எங்கள் ஆபீஸ் அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "தரை நனைஞ்சிருக்கு" என்பார்.

"அப்ப மழைதானேக்கா?"

"தெரியாது. தண்ணி டேங்கர் ஒழுகிட்டுப் போனாலும் நனையும்லா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். ஒருநாள் அவரே கதவைத் திறந்து வெளியே போய், கையை நீட்டி நின்று, உள்ளங்கையில் சொட்டு விழுந்த பின்பு திரும்பி வந்து "மழைதான்" என்றார். இவர் இப்படித்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

டெல்லி மாயாபுரியில் ஒரு சந்துக்குள் இரண்டாம் மாடியில் எங்கள் சோதனைக்கூடம். உடைந்துபோன இரும்பு, உடையுமோ என்று சந்தேகப்படுகிற இரும்பு, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இரும்பு, எல்லாம் எங்களிடம் வரும். எவ்வளவு கடினம், உள்ளே அமைப்பு எப்படி, உடைந்திருந்தால் எதனால் உடைந்தது என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். நான் தர்மபுரிப் பக்கத்திலிருந்து உலோகவியல் படித்துவிட்டு நேராக இங்கே வந்து சேர்ந்தவன். அப்பா கிரானைட் குவாரியில் கல் ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அக்காவின் அம்மா நாகர்கோவிலிலிருந்து நர்ஸாக டெல்லிக்கு வந்தவர். அக்கா பிறந்தது, வளர்ந்தது, டிப்ளமோ படித்தது எல்லாம் இங்கே. தமிழ் மட்டும் அம்மா ஊர்த் தமிழ், நடுநடுவே ஹிந்தியோடு. நான் சேர்ந்தபோது பாலிஷிங் அறையில் அவருக்குப் பன்னிரண்டாவது வருடம்.

என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் முதல் நாளே என்னை "சார்" என்றார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் நான் என்பதால். 'வேண்டாங்கக்கா, தம்பின்னு கூப்பிடுங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வார்த்தையை யாரும் எங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் பார்த்து அதுவரை சொன்னதில்லை. அது காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய வேலையை நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். நகம் அளவு இரும்புத் துண்டை பேக்கலைட் என்கிற கறுப்புப் பிளாஸ்டிக்கில் பதித்து, காபி டம்ளர் மூடி மாதிரி ஒரு வில்லையாக்குவார். சுழலும் தட்டில் உப்புத்தாள் ஒட்டி, தண்ணீர் சொட்ட விட்டு, அந்த வில்லையை விரலால் அழுத்தித் தேய்ப்பார். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் அதைவிட நைசு, அப்புறம் இன்னும் நைசு. ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைக் கால் திருப்பு திருப்பிக்கொள்வார். முந்தைய தாள் போட்ட கீறல் முழுக்க அழிந்த பிறகுதான் அடுத்த தாள். கடைசியில் வெல்வெட் துணியில் முகம் தெரிகிற பளபளப்பு வரும். அதில் ஆசிட் கலந்த ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டால், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி மங்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இரும்புக்குள் இருக்கிற மணிமணியான அமைப்பு, வயல் வரப்பு போலத் தெரியும்.

சில நாள் அந்தப் பளபளப்பின் நடுவில் ஒரு கோடு கிடக்கும். மற்றவர்கள் என்றால் 'விரிசல்' என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். அக்கா எழுத மாட்டார். வில்லையை எடுத்துக்கொண்டு திரும்பவும் உப்புத்தாளுக்குப் போவார்.

"திரும்ப எதுக்குக்கா? விரிசல்தான் நல்லா தெரியுதே."

"கோடு தெரியுது சார். அதை நான் போட்டேனா, அதுவே போட்டுதான்னு தெரியல்ல. இன்னொருக்கா தேய்ச்சுப் பார்க்கேன். போனா என்னுது. நின்னா இரும்போடது."

இந்த ஒரு வாக்கியத்தை அவரிடமிருந்து நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் 'விரிசல்' என்ற சொல்லே அபூர்வம். 'கறுப்புக் கோடு, வலது ஓரம், இரண்டாம் தடவையும் நிற்கிறது. மூன்றாம் தடவையும்.' இப்படித்தான் இருக்கும். மூன்று தடவை தன்னைச் சந்தேகப்பட்ட பிறகுதான் இரும்பைச் சந்தேகப்படுவார்.

வேலையில் மட்டும் என்றால் பரவாயில்லை. மனுஷியே அப்படி. மத்தியானச் சாப்பாட்டில் யாராவது முகம் சுளித்தால், "உப்பு கூடிட்டுதா? நான் ரெண்டு தடவை போட்டிருப்பேன்" என்பார். கொண்டுவந்தது அவர் குழம்பாகவே இருக்காது. ஜனக்புரியில் அவர்கள் குடியிருந்த பிளாக்கில் ஒரு பஞ்சாபிக்காரர் புதுக் காரில் கீறல் விழுந்துவிட்டது என்று தெருவே அதிரச் சத்தம் போட்டிருக்கிறார். அன்றிரவு அக்கா அவர் கதவைத் தட்டி, "பாய் சாப், காலையில குடை பிடிச்சுட்டு உங்க கார் பக்கமா போனேன், என் குடைக் கம்பியா இருக்கலாம், பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறார். டெல்லியில் யாரும் இப்படிக் கதவைத் தட்டி வந்ததில்லை போல. அந்த ஆள் பயந்துபோனார். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று மறுநாளே கேமரா மாட்டிவிட்டார். அக்கா குடையை எடுத்துப்போய்க் கீறலோடு உயரம் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு சாண் வித்தியாசம்.

"அப்ப நீங்க இல்லைல்லக்கா?"

"குடை இல்ல. பை உரசிச்சான்னு பார்க்கதுக்குள்ள கதவை மூடிட்டாரு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் வளர்ந்த இடத்தில் கல்லின் மூலை உடைந்தால், 'நான் இல்லை' என்று முதலில் சொன்னவன் தப்பித்தான். தானாகப் போய்த் தலையைக் கொடுக்கிறவரைப் பார்க்க எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

தன்னைச் சந்தேகப்படுகிறவர் என்பதால் பயந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஸ்பிரிங் கம்பெனிக்காரர் தன் சரக்கைக் குறை சொல்லிவிட்டோம் என்று மாடிப்படி ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தார். மேஜையைக் குத்தினார். மெஷின் ஓட்டுகிற பெண்ணுக்கு என்ன தெரியும் என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னார்: "நாலு தடவை என்னைப் பார்த்துட்டேன் பாய் சாப். மெஷினைப் பார்த்துட்டேன், தட்டைப் பார்த்துட்டேன், என் கையைப் பார்த்துட்டேன். அஞ்சாவதாத்தான் உங்களைப் பார்க்கேன்." அந்த ஆள் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். உடைந்த பொருள் இரண்டு துண்டாக வரும். கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும், முதலாளி, டிரைவர், இன்சூரன்ஸ்காரர், யாராக இருந்தாலும், முதல் காரியமாக இரண்டு துண்டையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திக் காட்டுவார்கள். 'இப்படி இருந்துச்சு, இப்படி உடைஞ்சுது.' கை தானாகப் போகும். அதுதான் கூடாது. உடைந்த முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கின்றன. எங்கே தொடங்கி எப்படி உடைந்தது என்ற கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. மேட்டோடு மேடு உரசினால் கதை அழிந்துவிடும். பாலிஷிங் அறைச் சுவரில் 'சேர்க்காதே' என்று ஹிந்தியில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். ஒருமுறை டைரக்டரின் மாமனார் வந்து ஆசையாக இரண்டு துண்டைக் கையில் எடுத்தபோது, அக்கா அவர் மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி வைத்தார். பெரியவர் விக்கித்துப் போய்விட்டார். "பொம்மையை உடைச்ச பிள்ளை மாதிரி எல்லாரும் ஒட்டவெச்சுப் பார்க்காங்க" என்று அக்கா என்னிடம் வந்து முணுமுணுத்தார். அவர் துண்டுகளைத் தனித்தனி டப்பாவில், தனித்தனிப் பஞ்சில்தான் வைப்பார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நகரத்துக்கு வெளியே ஒரு குடோனில் கிரேனின் போல்ட் ஒன்று உடைந்து எங்களிடம் வந்தது. கட்டைவிரலைவிடத் தடிமன். சுமை கீழே விழுந்திருந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போல்ட் செய்த கம்பெனி கிரேன் கம்பெனியைக் கை காட்டியது, கிரேன் கம்பெனி போல்ட் கம்பெனியைக் கை காட்டியது. உடைந்த முகம்தான் சாட்சி. அக்கா அதன் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அசிட்டோனில் வைத்து, அதிர்ந்து கழுவுகிற அல்ட்ராசோனிக் தொட்டியில் ஆறு நிமிடம் போட்டு எடுத்தார். லென்ஸில் பார்த்தார். ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து அரைவட்ட அரைவட்டமாகக் கோடுகள், அலை வந்து வந்து போன மணல் மாதிரி; அந்தப் புள்ளியில் தொடங்கி நாள்பட உடைந்ததற்கு அது அடையாளம். நோட்டில் அப்படியே எழுதி, பென்சிலில் படமும் போட்டு வைத்தார். படம் எடுக்கிற கேமரா பழுதுபார்க்கப் போயிருந்தது, மறுநாள் வரும். பெரிய எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு வெளியே ஒரு இடத்தில் நேரம் வாங்கியிருந்தோம், அதுவும் மறுநாள். துண்டுகளை டப்பாக்களில் பஞ்சோடு வைத்துவிட்டு, மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று அக்கா பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினார். சாவி என்னிடம்.

சாப்பாட்டு நேரம். எல்லோரும் கீழே போயிருந்தார்கள். அப்பா வீடியோ காலில் வந்தார். அன்று குவாரி லீவு.

"ஏம்பா, எப்பக் கேட்டாலும் இரும்பு இரும்புங்கறியே. அப்படி என்னதான் பண்ற அங்க? ஊர்ல கேக்கறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல."

எனக்கு அது சுருக்கென்று இருந்தது. காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. போனைக் குடுவை மேல் சாய்த்து வைத்தேன். டப்பாக்களைத் திறந்தேன். துண்டுகளை எடுத்தேன்.

"இது போல்ட்டுப்பா. இப்படி இருந்தது." சேர்த்தேன். "இப்படி உடைஞ்சிருச்சு." பிரித்தேன். "ஏன் உடைஞ்சதுன்னு நான் கண்டுபிடிக்கணும். நான் சொல்றதுதான் முடிவு."

அப்பாவின் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. "அடேங்கப்பா. ஏய், இங்க வா, உம் மவன் என்ன பண்றான் பாரு. இன்னொருவாட்டி காட்டுப்பா, அம்மா பாக்கல."

அம்மாவுக்கு ஒருமுறை காட்டினேன். தங்கச்சி ஓடிவந்தாள், அவளுக்கும். மூன்றாம் முறை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பார் என்று காட்ட, சேர்த்து வைத்து லேசாகத் திருகவும் செய்தேன். நொறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தில்தான் எனக்குச் சுவரில் ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. தெரியாதவன் இல்லை நான். கல்லூரியிலேயே படித்தது. எதிரே போன் இருந்தது; முதலில் அதிலேயே ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை. அம்மா முகம்தான் அதில் இருந்தது.

துண்டுகளைப் பஞ்சில் வைத்து மூடினேன்.

மறுநாள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பின் திரையில், அரைவட்டக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில், கரண்டியால் வழித்த வெண்ணெய் மாதிரி வழவழப்பு. அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். "ஓரத்துக்குப் போங்க" என்றார். ஓரமும் அப்படியே. "இன்னொரு துண்டு வைங்க." அதுவும் அப்படியே. திரும்பி வரும் வழியில் மெட்ரோவில் அவர் நோட்டைத் திறந்து பென்சில் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போல்ட் கம்பெனி விஷயத்தை விடவில்லை. சாட்சியைச் சோதனைக்கூடமே அழித்துவிட்டது என்று கடிதம் எழுதியது. அக்காவின் பென்சில் படம் சாட்சி ஆகாது என்றது. டைரக்டர் எங்கள் இருவரையும் கேபினுக்குக் கூப்பிட்டார். மூவரும் ஹிந்தியில்தான் பேசினோம்.

"மேடம் ஜி, கடைசியா அதைத் தொட்டது யார்?"

"நான்தான் சார். கழுவினேன், பார்த்தேன், டப்பால வெச்சேன்."

"கழுவும்போது ரெண்டு துண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சிருக்குமா?"

"தனித்தனிக் குடுவைலதான் போட்டேன்." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "போட்டேன்னுதான் நினைக்கேன்."

'நினைக்கேன்' என்ற சொல்லை வேலையைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. டைரக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீ இருந்தியா?"

"சாப்பிடப் போயிருந்தேன் சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்குச் சாதகமாக ஒரு அர்த்தம் செய்துகொண்டேன்: அவருக்குத் தெரிந்திருக்கிறது, சாவி என்னிடம் இருந்தது அவருக்குத் தெரியாதா, ஆனாலும் கண்ணால் பார்க்காததைச் சொல்ல மாட்டார், சின்னப் பையன் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். இப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. மன்னிக்கப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது.

அவரைப் பாலிஷிங் அறையிலிருந்து எடுத்து, வாசலில் பார்சல் வாங்கி எண் போடுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். ரிப்போர்ட்டில் 'காரணம் அறிய இயலவில்லை' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் எண் போட்டார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் மேஜைக்கு வந்து, "வரேன் சார்" என்றார். "சரிங்கக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் பாலிஷிங் அறையில் நாலு பேர் மாறிவிட்டார்கள். எல்லோரும் வேகமாக வேலை செய்தார்கள். எல்லாக் கோட்டையும் விரிசல் என்று எழுதினார்கள். போன மாதம் டைரக்டரே சொன்னார்: "அந்த மேடத்தைக் கூப்பிடுப்பா. அப்ப நாம கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம். சம்பளம் கூட்டித் தரலாம்." எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. எதையும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடப் போகிறது. உடனே போன் போட்டேன்.

"சாரா? நல்லாருக்கீங்களா சார்?"

குரல் அப்படியே இருந்தது. துவாரகாவில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாராம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் சார்."

"சம்பளம் நல்லா தர்றாங்கக்கா. பழைய அறைதான்."

"சம்பளத்துக்குச் சொல்லல்ல. என் கையை என்னால நம்ப முடியல்ல சார். அன்னைக்குத் தனித்தனியா போட்டேனா, ஒரே குடுவைல போட்டேனா, இன்னி வரைக்கும் ஞாபகம் வர மாட்டேங்குது. ஆறு நிமிஷமா, பதினாறா, அதும் தெரியல்ல. பன்னெண்டு வருஷத்துல இப்படி எத்தனை அழிச்சேனோ, யாரு கண்டா. வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லுகாரு, கவனமில்லாதவளுக்கு அந்த வேலை எதுக்குன்னு."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. எனக்காக விட்டுக்கொடுத்து அவர் மௌனமாக இருக்கவில்லை. வழக்கம்போல முதலில் தன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். திரும்பத் தேய்த்துப் பார்க்க அந்தத் தடவை வழியில்லாததால், அந்தச் சந்தேகத்திலேயே நின்றுவிட்டார். தினம் தினம் பக்கத்தில் இருந்து அவரைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை துவாரகாவில் அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் கதவைத் திறந்தாள். அவர் வீட்டுக்காரர் கை குலுக்கி, ஹிந்தியில் நலம் விசாரித்துவிட்டு, உள்ளறையில் கிரிக்கெட் பார்க்கப் போனார். அக்கா டீ போட எழுந்தார். டீ வேண்டாம் என்றேன். எப்படித் தொடங்குவது என்று மெட்ரோ முழுக்க யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அந்த போல்ட்டைச் சேர்த்தது நான். நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போனப்ப."

அவர் நின்றபடியே இருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன்.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைக்கா."

"ஒரு தடவைக்கு அவ்வளவு தேயாது." என்னை சார் என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை. "நான் பார்த்தேன்லா ஸ்கிரீன்ல. எத்தனை?"

"மூணு."

"சும்மா வெச்சு எடுத்தியா, திருகினியா?"

"மூணாவது தடவை திருகினேன்."

"எந்தப் பக்கம்?"

யோசித்தேன். கையைக் காற்றில் வைத்து, திருகிப் பார்த்து, "வலது பக்கம்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் திரையில் பார்த்த வழவழப்பின் திசையை அவர் மனசுக்குள் வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரியா இருக்கு" என்றார். "எதுக்குச் செய்த?"

"அப்பா வீடியோ கால்ல கேட்டாரு, என்ன வேலை செய்யறேன்னு."

மன்னிப்புக் கேட்டேன். அக்கா மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தார்.

"இப்பச் சொன்னதை எழுது. இங்கிலீஷ்ல எழுது. தமிழ்ல எழுதினா இந்த வீட்டுல வேற யாருக்கும் வாசிக்கத் தெரியாது. உங்க டைரக்டருக்கும் தெரியாது. ரெண்டு காப்பி."

எழுதினேன். ரிப்போர்ட் எழுதி எழுதிப் பழகிய கை, வேகமாக வந்தது. அவர் வாங்கி, மைக்ரோஸ்கோப்பில் குனிகிற மாதிரி குனிந்து படித்தார். பேனாவை எடுத்து இரண்டாவது வரியில் ஒரு சொல்லின் மேல் கோடு போட்டார். 'அறியாமல் நேர்ந்துவிட்டது' என்கிற பொருளில் ரிப்போர்ட்டுகளில் நாங்கள் வழக்கமாகப் போடுகிற ஒரு ஆங்கிலச் சொல் அது. நான் யோசித்துப் போடவில்லை.

"சுவத்துல எழுதி ஒட்டினது நான். தினம் அதுக்குக் கீழ நின்னுட்டு டீ குடிச்சது நீ. இது எப்படி வந்துது?"

"தப்புதான்க்கா."

"வேற தாள் தாறேன். முதல்லேர்ந்து எழுது."

அந்தச் சொல் இல்லாமல் முதலிலிருந்து எழுதினேன். இரண்டு காப்பி. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "இது குடுக்க வேண்டிய இடத்துல நாளைக்குக் குடு" என்றார். நாளைக்கு அந்தக் கேபினில் என் வேலை நிற்குமா என்று நினைத்தேன். வீட்டுக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்றும் நினைத்தேன். இன்னொன்றை மகளிடம் நீட்டினார்.

"படி மக்ளே. சத்தமா."

"இங்கயா மம்மி?"

"இங்கதான். டாடிக்குக் கேக்கணும்."

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி நிமிர்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் உள்ளறையில் கிரிக்கெட் சத்தம் நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை சேர்த்தேன், எந்தப் பக்கம் திருகினேன், கேபினில் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல் வாசித்தாள். கடைசியில் என் பெயரையும், பழக்கத்தில் அதன் பின்னால் நான் போட்டுவிட்டிருந்த பி.இ.யையும் சேர்த்து வாசித்தாள்.